கூப்பிடு தூரம்

எந்த ஊரைச் சொன்னாலும் டூர் அக்காவுக்கு அது கூப்பிடு தூரம்தான். திருப்பதி கூப்பிடு தூரம். திருவண்ணாமலை கூப்பிடு தூரம். ஒருமுறை தெருவில் யாரோ காசியைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "ரயில்ல ஏறிக் குந்திக்கினா காசி தானா வந்துடப் போவுது. அது இன்னா தூரமா?" என்று கேட்டாள். காசிக்கு அவள் போனதே இல்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவள் இருந்தாள். அவளுடைய வீட்டுக்காரரிடம் ஒரு வேன் இருந்தது. அவர் ஓட்டுவார், அவள் ஆள் சேர்ப்பாள். மாமா பேசி நான் அதிகம் கேட்டதில்லை. இரண்டு பேருக்குமான பேச்சையும் அக்காவே பேசிவிடுவாள். குள்ளமான, கனத்த உடம்பு. முழங்கால் வலியால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். கழுத்தில் தாலிச் சரடோடு ஒரு பிளாஸ்டிக் விசிலும் தொங்கும். வேன் கிளம்புவதற்கும், கோயில் கூட்டத்தில் சிதறிப்போன ஆட்களைச் சேர்ப்பதற்கும் அதை ஊதுவாள். கருட சேவைக் கூட்டத்தில் அவள் விசில் ஊதியபோது போலீஸ்காரர் ஒருவர் அதிகாரி வந்துவிட்டார் என்று நினைத்து விறைப்பாக நின்றதாகச் சொல்வாள். அதை யாரும் நம்பியதில்லை.

நான் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைப்பவள். அக்காவின் துணிமீது சாக்பீஸால் 'டூர்' என்று எழுதிவைப்பேன். அவளுடைய உண்மையான பெயரைச் சொல்லி யாராவது விசாரித்து வந்தால் தெருவே யோசிக்கும்.

தூரத்தைப் பற்றி அவள் சொல்வது பொய் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் ஏமாந்தோம். புது வேன் வாங்கியதும் முதல் ஓட்டம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைத் திருமுக்கூடலுக்கு அழைத்துப் போனாள். வழியில் ஒரு லாரி பழுதாகிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. "தோ, கோபுரம் தெரியுது பாரு, எறங்குங்க, நடந்துடலாம்" என்று விசில் ஊதினாள். அவள் கை காட்டிய இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. வெயிலில் ஆற்று மணலில் காலைப் புதைத்துப் புதைத்து நடந்தோம். யார் கேட்டாலும், "தோ, வந்துடுச்சு" என்றாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கோடி வீட்டுப் பெரியவர் செருப்பிலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டே, "ஒன் கூப்புடு தூரத்துக்கு மைக்செட்டு கட்டித்தாம்மா கூப்புடணும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தபடி தூக்கைத் திறந்து புளிச்சோற்றை இலையில் வைக்க ஆரம்பித்தாள். ஆற்றுக் காற்றில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்தச் சோற்றுக்கு அப்புறம் யாருக்கும் கோபம் நிற்கவில்லை.

எல்லா முறையும் அது சிரிப்பில் முடிந்தது என்று சொல்ல முடியாது.

ஒரு மலைக்கோயிலுக்குப் போனபோது ஐயம்பேட்டையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா படியைப் பார்த்து மலைத்துப்போய்க் கீழேயே நின்றுவிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்து, "கொஞ்சம் படிதாம்மா. தோ, அந்த வளைவு தாண்டினா சாமி" என்றாள். அந்த வளைவுக்கு அப்பால் இன்னொரு வளைவு இருந்தது. அதற்கப்பாலும் இருந்தது. பாதி மலையில் அந்த அம்மா கண் இருட்டி விழுந்துவிட்டார். தண்ணீர் தெளித்து, உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்து, டோலியில் வைத்துக் கீழே இறக்கினார்கள். மறுநாள் அவருடைய மகன் எங்கள் தெருவுக்கே வந்து கத்தினான்.

"எங்கம்மாவுக்கு எதுனா ஆயிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப? ஆளு சேக்கறதுக்கு எது வேணாலும் சொல்லுவியா?"

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "தப்புதாம்பா" என்றாள். அவன் போன பிறகும் அங்கேயே நின்றாள். தெருவில் எல்லோரும் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வேன் எங்கும் போகவில்லை. ஒருநாள் பிளவுஸ் துணியோடு வந்தவளிடம், "எதுக்கு அக்கா அப்படிச் சொல்றீங்க? உள்ளதச் சொன்னா வர்றவங்க வரப் போறாங்க" என்றேன்.

"நீ வேற. உள்ளதச் சொன்னா ஒருத்தி வாசல்படி தாண்ட மாட்டா. எனக்குத் தெரியாதா இந்தப் பொம்பளைங்கள? வூடு, அடுப்பு, சீரியலு. 'அவ்ளோ தூரமா'ன்னு கேட்டுட்டு உள்ள போய்டுவாளுங்க. கொஞ்ச தூரம்னா எழுந்து நிப்பாங்க. எழுந்து நின்னுட்டா அப்பால நடந்துடுவாங்க."

"அந்த அம்மா விழுந்துட்டாங்களே?"

துணியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வருடம் திருச்செந்தூர்ப் பயணத்துக்கு முதல் ஆளாக இடம் சொன்னவர் அதே ஐயம்பேட்டை அம்மாதான். அக்கா அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆனால் மலைக்கோயில்களை மட்டும் விட்டுவிட்டாள்.

எனக்கு நெஞ்சு வலி வந்தது ஒரு வைகாசி மாதத்தில். முகூர்த்த நாட்கள். தைக்க வேண்டிய பிளவுஸ்கள் மலையாகக் கிடந்தன. தாடையில் ஒரு வலி, முதுகில் ஒரு வலி, தலையிலிருந்து தண்ணீர் ஊற்றியது போல வியர்வை. வாயுத்தொல்லை என்று நினைத்து சோடா குடித்துவிட்டு இன்னும் இரண்டு கைப்பட்டி தைத்தேன். சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து ஆட்டோவைக் கூப்பிட்டார். அவர் பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளராக இருக்கிறார். எத்தனை கூட்டத்திலும் நிதானம் தவறாத மனிதர். ஆட்டோவில் அவர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்த விதத்தில்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "ஒண்ணுமில்ல." வீட்டுக்காரர் சொன்னார். கல்லூரியில் படிக்கும் என் மகள் சொன்னாள். பார்க்க வந்த உறவினர்கள் ஆப்பிளை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, அப்பாவும் மகளும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். நான் எழுந்து போனால் பேச்சு நின்றுவிடும். ஒன்றும் இல்லாததற்கு எதற்கு இத்தனை ரகசியம் என்று படுக்கையில் கிடந்து யோசித்துக்கொண்டே இருப்பேன். அவர்கள் சொல்லாததையெல்லாம் என் மனம் பத்து மடங்காகப் பெருக்கிக்கொண்டது.

தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பால் கடை வரைக்கும் போவேன். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கும். உடனே திரும்பிவிடுவேன். பிறகு பால் கடைக்குப் போவதும் நின்றது. வாசல் கேட்டோடு என் உலகம் முடிந்தது. தையல் மெஷின்மேல் மகள் ஒரு பழைய போர்வையைப் போர்த்திவைத்தாள். வாசலில் வந்து துணி தைக்கக் கேட்டவர்களிடம் அவளே இல்லை என்று சொல்லி அனுப்பினாள். நான் உள்ளே உட்கார்ந்து என் இதயம் அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லாத ஆளுக்கு அது பெரிய வேலை.

மாசி மாதத்தில் ஒருநாள் அக்கா வந்தாள். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. கட்டிலில் என் காலடியில் பொத்தென்று உட்கார்ந்து, "ராமேஸ்வரம் போறேன். வா" என்றாள்.

என் வீட்டுக்காரர் அறைக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டார். "அக்கா, விளையாடாதீங்க. அவ தெருமுனைக்கே போறதில்ல."

"தெருமுனையில இன்னா இருக்குது, போறதுக்கு? குப்பத்தொட்டி. நான் கடல் காட்டறேன்."

"நீங்க கூப்புடு தூரம்னு சொல்லி எங்கயாவது நடக்க வெச்சிடுவீங்க. மலையில விழுந்தாங்களே, அந்த மாதிரி ஆயிட்டா?"

அக்காவின் முகம் சட்டென்று மாறியது. அவர் சொன்னதை நினைத்து அவரே சங்கடப்பட்டுப் போனார். பிறகு அவள், "டாக்டரக் கேளு தம்பி. அவரு வேணான்னா நான் கூப்புடல" என்றாள்.

அவர் கேட்டார். பயணம் போகலாம், சமதரையில் மெதுவாக நடக்கலாம், மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரருக்குக் கடையில் விடுப்புக் கிடைக்கவில்லை. மகளுக்குத் தேர்வு. நான் போகிறேன் என்று எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அந்தக் கட்டிலை விட்டுப் போகாவிட்டால் அதிலேயே செத்துப்போவேன் என்று தோன்றியிருக்க வேண்டும்.

ராமேஸ்வரத்தில் மற்றவர்கள் தீர்த்தக் கிணறுகளில் குளிக்கப் போனார்கள். நான் விடுதியில் படுத்திருந்தேன். எங்களோடு வந்திருந்த கோடி வீட்டுப் பெரியவரின் மனைவி எனக்குக் காவல். அக்காவும் கோயிலில் இருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் திரும்பும் வழியில், பாலம் தாண்டி மண்டபத்துக்கு அருகே ஒரு கிளைச் சாலையில் மாமா வேனைத் திருப்பினார். உடைமரங்களுக்கு நடுவே கொஞ்சம் போனதும் சாலை முடிந்து கடல் தெரிந்தது. அலையே இல்லை. ஏரி போலக் கிடந்தது. தண்ணீரில் சில இடம் வெளிறிய பச்சை, சில இடம் கருநீலம். தொலைவில் மையால் கோடு இழுத்தது போலத் தீவுகள். அந்தக் கடலும் தீவுகளும் பாதுகாக்கப்பட்ட பகுதி, தீவுகளில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று ஒரு பலகை சொன்னது. கரையின் மேட்டிலேயே ஒரு நடைபாதை போனது. அதற்கு ஒரு பலகை: 'எளிய நடைபாதை. எல்லா வயதினரும் நடக்கலாம்.'

அக்கா விசில் ஊதினாள். "போங்க, போங்க. தோ, கூப்புடு தூரம். கடைசியில ஒரு மேடை இருக்குது. அங்கேந்து பாத்தா கடல் மொத்தமும் தெரியும்."

எல்லோரும் இறங்கி முன்னால் போனார்கள். நான் வேனின் படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னிடமும் அதையே சொல்வாள் என்று எதிர்பார்த்து, மறுப்பதற்கு வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவள் எதிரில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"கஸ்தூரி, இது கூப்புடு தூரம் இல்ல."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"தூரந்தான். ஒன் நடைக்கு முக்கா மணி நேரம் ஆவும், போவறதுக்கு மட்டும். மொதல்ல நெழலு இருக்கும். ஒரு கல்லு பெஞ்சு வரும், அங்க ஒக்காரலாம். அப்பால நெழலே கெடையாது. பாதியில ஒரு எறக்கம் இருக்குது. போவ சொல்ல சொகமா இருக்கும். திரும்ப சொல்ல அதான் ஏத்தம், அங்க ஒனக்கு மூச்சு வாங்கும். அதுக்கு மேல மேடு பள்ளம் ஒண்ணும் இல்ல. கடைசி வரைக்கும் போவணும்னு இல்ல. எங்க திரும்பணும்னாலும் நீ சொல்லு, திரும்பிடலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று அவளுக்கு விளங்கியிருக்காது என்று அப்போது நினைத்தேன். பல மாதங்களாக என்னிடம் யாரும் எதையும் உள்ளபடி சொல்லியிருக்கவில்லை. ஊரில் ஒருவரும் நம்பாத வாய் அது. அதிலிருந்து ஏற்றம் ஏற்றமாகவும் இறக்கம் இறக்கமாகவும் வந்தது.

அந்தத் தைரியத்தில் கேட்டேன். "எனக்கு மறுபடியும் வருமா அக்கா?"

இதற்கு எல்லோரும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்கள். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"வரலாம். வராமலும் போவலாம். எனக்கு இன்னா தெரியும்? டாக்டரே சொல்ல மாட்டாரு. இந்தப் பாதை எவ்ளோ தூரம்னு மட்டும் எனக்குத் தெரியும். அதச் சொல்லிட்டேன்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

நிழல் இருக்கும் என்றாள், இருந்தது. கல் பெஞ்சு வரும் என்றாள், வந்தது. அங்கே காக்கிச் சட்டை போட்ட ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கரையைக் காவல் காக்கும் வேலை. உள்ளூர்ப் பெண். நாங்கள் காஞ்சிபுரம் என்றதும் என் புடவையைத்தான் முதலில் பார்த்தாள். அது நூல் புடவை. தண்ணீரில் கருப்பாகத் தெரியும் இடமெல்லாம் கடலுக்கடியில் வளரும் புல் என்று சொன்னாள். கடல்பசுவும் ஆமையும் அந்தப் புல்லைத்தான் மேயுமாம்.

"அந்தத் தீவு எவ்ளோ தூரம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"இந்தா, பக்கந்தானக்கா."

அக்கா என் தொடையில் தட்டிச் சிரித்தாள். "இவ நம்ம கட்சி."

நிழல் முடிந்து வெயிலுக்கு வந்தோம். இறக்கம் வந்தது. மணல் சரிவு. அதில் இறங்கும்போதே எனக்குத் திரும்பி ஏற வேண்டுமே என்ற நினைப்பு வந்துவிட்டது. சரிவின் அடியில் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. காதுக்குள் கேட்டது. முந்தானையில் முடிந்திருந்த மாத்திரையைக் கை தானாகத் தேடியது. அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். முன்னால் போனவர்கள் ஒருவரும் கண்ணில் படவில்லை. வேனும் தெரியவில்லை.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்காலை மடக்க முடியாமல், கையை ஊன்றி, முனகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வலிக்குதா, அடிச்சுக்குதா?"

"அடிச்சுக்குது."

"கைக்கு வலி போவுதா? தாடையில?"

"இல்ல."

"அன்னிக்கு வந்தாப்புல இருக்குதா?"

நான் யோசித்துப் பார்த்தேன். அத்தனை மாதங்களில் என்னிடம் யாரும் கேட்டிராத கேள்வி. "இல்ல. அது வேற மாதிரி."

"சரி. குந்தியிருப்போம். கொறையலன்னா மாத்திரை போடு. அந்தப் பொண்ண விசில் ஊதிக் கூப்புடறேன், அவகிட்ட வண்டி இருக்குது. பாத்துட்டுத்தான் வந்தேன்."

பயப்படாதே என்று அவள் சொல்லவில்லை. இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கரைக்கு வெகு அருகில், கருத்த புல் திட்டின் மேல், ஒரு கட்டைவிரல் அளவுக்குத் தலை ஒன்று தண்ணீருக்கு மேலே வந்தது. 'புஸ்' என்று ஒரு சத்தம். உள்ளே போய்விட்டது.

"பாம்பா?" என்றேன்.

"ஆமைடி!" அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சு உட வருது."

அது எங்கே மறுபடி எழும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா இடது பக்கம் என்றாள். நான் வலது பக்கம் என்றேன். வெகு நேரம் வரவில்லை. போய்விட்டது என்று நினைத்தபோது நான் சொன்ன பக்கத்தில் வந்தது. இந்த முறை முதுகோடும் தெரிந்தது, ஈயம் பூசாத பித்தளைத் தாம்பாளம் மாதிரி. ஒரு மூச்சு விட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் கீழே போனது. "பாத்தீங்களா, நான்தான் சொன்னேன்ல!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அதற்கு முன் எப்போது கத்தினேன் என்று நினைவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது தெரிந்தது.

"திரும்பிடலாமா?" என்றாள் அக்கா.

"மேடை எவ்ளோ தூரம்?"

"இது வரைக்கும் வந்த அளவுக்கு இன்னும் இருக்குது."

"போலாம்."

மேடையில் ஏறியபோது எங்கள் ஆட்கள் அங்கே முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். கோடி வீட்டுப் பெரியவர் எழுந்து எனக்கு இடம் விட்டார். அங்கிருந்து பார்த்தால் கடல் மொத்தமும் தெரிந்தது. மனிதர் யாரும் போகாத அந்தத் தீவுகளுக்கு மேலே பறவைகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. நான் ஒரு முறுக்கு வாங்கிக் கடித்தேன்.

திரும்பும்போது அந்த ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. வாங்கும் என்று அவள் சொல்லியிருந்தாள். அதனால் நின்றேன், விட்டு விட்டு ஏறினேன். என்னைவிட அவளுக்கு அதிகமாக வாங்கியது. ஒரு இடத்தில் நான் கை கொடுத்து அவளைத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

வேனுக்கு வந்ததும் அவள் மற்றவர்களைச் சேர்க்கப் போனாள். மாமா எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதிசயமாக வாயைத் திறந்தார்.

"நேத்து அவ தீர்த்தம் ஆடல, தெரியுமா?"

"ஏன் மாமா?"

"இங்க வந்தா. வண்டிய எடுன்னா. கடைசி வரைக்கும் போய்ட்டு வந்தா. வந்ததும், நெழலு எங்க முடியுதுன்னு சரியா பாக்கலன்னு மறுபடியும் போனா. அந்த முட்டிய வெச்சிக்கினு." அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டுத் தன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ராமேஸ்வரம் வரைக்கும் வந்து தீர்த்தம் ஆடாமல் போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஊர் வந்து சேரும் வரைக்கும் வேனின் முன் இருக்கையில் தூங்கி விழுந்துகொண்டிருந்த அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்த அன்றே என் வீட்டுக்காரரை எதிரில் உட்காரவைத்தேன். "டாக்டர் என்ன சொன்னாருன்னு உள்ளபடி சொல்லுங்க. நான் தாங்குவேன்."

அவர் முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். இன்னொரு குழாயிலும் பாதி அடைப்பு இருக்கிறது, இப்போதைக்கு மருந்தே போதும், பார்த்துக்கொண்டே வர வேண்டும். இதைத்தான் இத்தனை நாளும் அவரும் மகளும் தங்களுக்குள் சுமந்துகொண்டிருந்தார்கள். நான் கற்பனை செய்துவைத்திருந்ததோ இதைவிட எவ்வளவோ மோசமானது. "இவ்ளோதானா?" என்றேன். அவர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பயம் எனக்கு மட்டும் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அடுத்த வாரம் காலையில் இரண்டு பேருமாகக் கோயில் மாட வீதியை ஒரு சுற்று நடந்தோம். இப்போதும் நடக்கிறோம். மெஷின்மேல் இருந்த போர்வையை மகளே எடுத்து மடித்துவைத்தாள். மாத்திரைகள் தொடர்கின்றன. அந்தப் பாதி அடைப்பு அப்படியே இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

அக்கா ஒன்றும் திருந்திவிடவில்லை. அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கும்போது கன்னியாகுமரி கூப்பிடு தூரம் என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினாள்.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு மாமாவுக்குக் கண் பார்வை மங்கியது. வேனை விற்றார்கள். ஓசூரில் வேலையில் இருந்த மகன் வந்து இருவரையும் தன்னோடு அழைத்துக்கொண்டு போக ஏற்பாடு செய்தான். சாமான் ஏற்றுகிற அன்று தெருவே அவள் வாசலில் நின்றது. ஐயம்பேட்டையிலிருந்து அந்த அம்மாவும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறிக்கொண்டிருந்தபோது நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதை இரண்டு நாட்களாக மனதுக்குள் கோத்துவைத்திருந்தேன்.

"அக்கா, அன்னிக்கு அந்தக் கடல்கிட்ட நீங்க இல்லன்னா நான்..."

"கஸ்தூரி," என்று அவள் குறுக்கே பேசினாள். தோளைத் தூக்கிக் கையை மடக்கிக் காட்டினாள். "போன வாரம் குடுத்தியே, இந்த பிளவுஸு, கை புடிக்குது. கூச்சப்பட்டுக்கினு சொல்லல. ஓசூர்ல எவகிட்டடி குடுப்பேன் நானு? பிரிச்சி உட்டுக் குடு."

"இப்பவா?"

"லாரி நிக்கும், போ."

என் வீட்டுக்கு வந்து உள்ளறையில் என் நைட்டி ஒன்றுக்கு மாறிக்கொண்டு பிளவுஸைக் கழற்றிக் கொடுத்தாள். நான் கைத்தையலைப் பிரித்தேன். உள்ளே விட்டிருந்த துணியில் அரை விரல் தளர்த்தி ஊசியை இறக்கினேன். வாசலில் அவள் மகன் இரண்டு முறை ஹாரன் அடிக்கச் சொன்னான். கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த அக்கா, "நீ தையி, அவன் கெடக்கறான்" என்றாள். நான் அவசரப்படவில்லை. ஒரு கை முடிந்ததும் திருப்பிப் பார்த்து, தையலை நீவிவிட்டு, அடுத்த கையை எடுத்தேன்.